ஆட்டுப்பால் சீஸ் பஞ்சுபோல் உப்பி மிதக்கிறது: தவறு எங்கே?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் நான்கு ஆண்டுகளாகச் சானென், ஜமுனாபாரி கலப்பின ஆடுகளை வளர்த்து வருகிறோம். இப்போது ஆறு ஆடுகள் கறவையில் இருப்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் பால் கிடைக்கிறது. விற்றது போக மிஞ்சும் பாலில் என் மனைவி மென்மையான சீஸ் செய்து, ஈப்போவில் உள்ள ஓர் உணவகத்திற்கு வாரம் இருமுறை கொடுத்து வந்தார். சென்ற மாதம் இரண்டு தடவை முழுச் சரக்கும் திரும்பி வந்தது. கிடாய் வாடை வீசுகிறதாம். அதைவிட எனக்குக் கவலை தருவது, இரவில் உறையூற்றிய பால் காலையில் பஞ்சுபோல் உப்பி, ஓட்டை ஓட்டையாகத் தெளிநீரின் மேல் மிதப்பதுதான். பாலை 63 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்கத் தவறுவதில்லை. பின்பற்றுவது பிரெஞ்சுச் செய்முறை.

மறுமொழி 1 (கூலிம்)

ஐயா, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கட்டி உப்புவதற்குப் பெரும்பாலும் சாணத்திலும் அழுக்கிலும் இருக்கும் கோலிஃபார்ம் கிருமிகள் வெளியிடும் வாயுவே காரணம். அவை 63 பாகையில் மடிந்துவிடும் என்பதால், பால் ஆறிய பிறகு கை, கரண்டி, வடிதுணி ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. எங்கள் வீட்டில் குற்றவாளி வடிதுணி. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே தொல்லை ஓய்ந்தது. மேலும், நீங்கள் பின்பற்றும் பிரெஞ்சுச் செய்முறை 20 முதல் 22 பாகை வரை குளிர்ந்த அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தகரக் கூரையின் கீழ் நம் இரவுகள் அப்படியா இருக்கின்றன? பனிக்கட்டியாக உறைந்த நீர்ப் புட்டிகள் இட்ட ஐஸ் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பிய கட்டியை விற்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம்.

வாடைக்குக் கிடாயைக் கறவை ஆடுகளிடமிருந்து விலக்கிக் கட்டுவதே முதல் மருந்து. கறந்த பாலை உடனே வடிகட்டி 4 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். குலுங்கி வெதுவெதுப்பாகவே கிடக்கும் பாலில் கொழுப்புச் சிதைந்து, அந்த வாடையைத் தரும் காப்ராயிக், காப்ரிலிக் அமிலங்கள் வெளிப்படும். அவற்றின் பெயரே ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

மறுமொழி 2 (பீடோர்)

சகோதரரே, உறை பிடிபடும் வரை பன்னீர் செய்யலாமே. பாலை 85 பாகைக்கு மேல் சூடாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். எனக்குப் பத்து லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேறுகிறது. பாலை உறைய வைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். மாட்டிறைச்சி உண்ணாத நம்மவர்களும் ஹலால் பார்க்கும் மலாய் வாடிக்கையாளர்களும் அதையே கேட்பார்கள். நுண்ணுயிர் ரென்னட் என்றால் சிக்கல் குறைவு.

மறுமொழி 3 (தைப்பிங்)

கால்நடைத் துறையிடம் சொல்லி ஆடுகளுக்குப் புரூசெல்லோசிஸ் (ஆட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் காய்ச்சல் நோய்) இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 2010, 2011 ஆம் ஆண்டுகளில் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலால் அந்நோய் பரவியது. உணவைக் கையாளுபவருக்குரிய பயிற்சியும் டைபாய்டு ஊசியும் உங்கள் மனைவிக்குக் கட்டாயம். சுகாதார அமைச்சு வழங்கும் உணவுப் பாதுகாப்புக்கான மெஸ்தி சான்றிதழ் இருந்தால் கடைக்காரர்களிடம் பேசுவதும் எளிது.

கேள்வி கேட்டவர்

நன்றி. வடிதுணி இத்தனை நாளும் ஆட்டுக் கொட்டகைக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது. கிடாயும் அதன் அடியில்தான் நிற்கிறது. இன்று மாலையே இரண்டையும் இடம் மாற்றுகிறேன்.