பத்து வருஷம் கழிச்சு அம்மாவோட குடல்ல

ரங்கூன்லேந்து எழுதுறேன். அக்கா, முன்னாடி மார்புல கேன்சர் வந்த உங்க அம்மாவுக்கு இப்போ வயித்துக் கோளாறுக்கு அல்சர் மாத்திரையே ஓடிட்டு இருக்குன்னு நீங்க எழுதுனதப் படிச்சதும் சும்மா இருக்க முடியல.

எங்க அம்மாவுக்கு 2012ல இடது மார்புல கேன்சர், ஆபரேஷன் ஆச்சு, கேன்சர் திரும்பாம இருக்க தமோக்சிஃபென் மாத்திரை அஞ்சு வருஷம் போட்டாங்க, ரிப்போர்ட்ல லோபுலர்னு (பால் சுரப்பியில ஆரம்பிக்கிற வகை) எழுதியிருந்துச்சு, அது என்ன வகைன்னு நாங்க யாரும் கேக்கவே இல்ல.

2022ல ஆரம்பிச்சது. காலைல மொஹிங்கா, அதான் பர்மா மீன் நூடுல்ஸ் சூப், ஒரு கிண்ணம் முழுசா குடிக்கிறவங்க நாலு ஸ்பூன்லயே வயிறு நிறைஞ்சிடுச்சும்மான்னு தள்ளி வெச்சாங்க. அப்புறம் பேதி, வீக்கம். கை குச்சியா இளைச்சுக்கிட்டே போகுது, லுங்கிக் கட்ட மட்டும் தினமும் தளர்த்திக் கட்டுறாங்க! பீலிக்கான் கோயிலுக்குப் போற வழியில ரெண்டு தடவ பஸ்ஸ நிறுத்தச் சொல்லி இறங்குனோம்.

கேஸ்னாங்க, பூச்சின்னாங்க, ஸ்கேன்ல குடல் சுவர் தடிச்சிருக்குன்னதும் க்ரோன்ஸ்ங்கிற குடல் அழற்சி நோய்னு சொல்லி ஸ்டீராய்டு குடுத்தாங்க. கொலனோஸ்கோப்பில, அதாவது குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டு, எடுத்த பயாப்சில (சதைத் துணுக்கு டெஸ்ட்) ஒண்ணும் இல்ல. லோபுலர் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஈ-கேதெரின்னு ஒட்ட வைக்கிற புரதம் அதுல பெரும்பாலும் இருக்காது, அதனால கட்டியா திரளாம உள்சவ்வுக்கு அடியில வரிசையா பரவும், மேலாக்க கிள்ளி எடுத்தா மாட்டாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ரெண்டாவது தடவ ஆழமா எடுத்ததுல கேன்சர்னு வந்துச்சு, ஆனா குடல்லயே புதுசா வந்ததுன்னு நெனச்சு குடல வெட்ட தேதியும் குறிச்சுட்டாங்க.

அப்போ வயித்தப் பாக்க வந்த ஒரு சின்ன வயசு சயாமா (இங்க லேடி டாக்டர அப்படித்தான் கூப்பிடுவோம்) மார்புத் தழும்பப் பாத்துட்டு, இது என்ன வகை கேன்சர்னு கேட்டாங்க. எட்டு மாசத்துல அதக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். அப்பா பிஸ்கட் டின்னுல பத்திரமா வெச்சிருந்த பழைய ரிப்போர்ட்ட நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். குடல்ல எடுத்த சதையிலயே ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், காட்டா-3ன்னு மார்புக் கேன்சர்ல பெரும்பாலும் இருக்கிற ரெண்டு அடையாளத்தையும் பாக்கச் சொன்னாங்க, ரெண்டும் பாசிட்டிவ். மார்புல இருந்த அதே கேன்சர்.

ஆபரேஷன் வேணாம்னு ஆச்சு. குடல் அடைச்சாலோ ஓட்டை விழுந்தாலோ ரத்தம் போனாலோதான் கத்தி, மத்தபடி மார்புக் கேன்சருக்குக் குடுக்கிற லெட்ரோசோலும் பால்போசிக்ளிபும்தான் மருந்து, அதுக்காக அம்மாவோட வளையல வித்தோம், அதுல எனக்கு வருத்தமே இல்ல. அந்த எட்டு மாசத்த நெனச்சாதான் இன்னும் வயிறு எரியுது.

அக்கா, உங்க அம்மாவோட பழைய பயாப்சி ரிப்போர்ட்ட இன்னிக்கே தேடுங்க. லோபுலர்னு இருந்தா வயிறு பாக்குற டாக்டர்கிட்ட நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, அவங்க கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க.

அம்மா இப்போ அரைக் கிண்ணம் மொஹிங்கா குடிக்கிறாங்க.