பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க கணையத்தில வந்த வருத்தம்

வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். ரெண்டாவது பிள்ளை, 31 கிழமை. ஒரு சனிக்கிழமை புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில நெஞ்சுக்குழியில நோ தொடங்கிச்சு, காஸ் எண்டு நினைச்சு மாமி உள்ளியும் இஞ்சியும் அவிச்சுத் தந்தா, ஆனா நோ நேரா முதுகுக்குப் போகுது, மல்லாந்து படுக்கவே ஏலாது, முன்னுக்குக் குனிஞ்சு தலகாணியக் கட்டிப்பிடிச்சா மட்டும் கொஞ்சம் பரவாயில்ல, சத்தியும் நிக்கேல்ல. ஒரு மாதத்துக்கு முந்தியும் இப்பிடி வந்து ஒரு இடத்தில காட்ட நெஞ்செரிவுக்குக் குளிசை தந்து விட்டவை. பிள்ளைக்கு மட்டும்தான் ஸ்கேன் செஞ்சது, பித்தப்பையப் பாக்கேல்ல. அது இன்னும் என்ர மனசில கிடக்கு.

இரவு 2 மணிக்கு இவர் த்ரீவீல் பிடிச்சுக் கொண்டு போனார். ரத்தத்தில லிப்பேஸ் (கொழுப்பச் செமிக்கக் கணையம் சுரக்கிற நொதி) இருக்கவேண்டிய அளவிலும் 3 மடங்கு தாண்டினாலே கணைய அழற்சி எண்டு பாப்பினமாம், எனக்கு 10 மடங்கு. ஸ்கேன்ல பித்தப்பை நிறையச் சின்னச் சின்னக் கல்லு. கர்ப்ப ஹோர்மோனால பித்தத்தில கொலஸ்ட்ரோல் கூடும், பித்தப்பையும் மந்தமாத்தான் சுருங்கும், அதுதான் கல்லு கட்டுது. அது குழாய் வாயில வந்து அடைச்சா கணையம் தன்னையே அரிக்கத் தொடங்குமாம். சேலைன், நோவுக்கு ஊசி, முதல் நாள் வாயில ஒண்டும் இல்ல, பிறகு கஞ்சி. வயித்தில பட்டி கட்டிப் பிள்ளையின்ர இதயத்துடிப்பு ஓடுற சத்தத்தக் கேட்டுக்கொண்டே விடியும்வரை கிடந்தன். நாலு, அஞ்சு மாதமெண்டா கல்லோட பித்தப்பைய எடுத்திருக்கலாமாம், எனக்கு வயிறு பெருத்திட்டுது, அதால எண்ணெய், இறைச்சி, தேங்காய்ப்பால் எல்லாத்தையும் விட்டுட்டுப் பயந்து பயந்து 38 கிழமை வரைக்கும் இழுத்தன். மகள் 2.7 கிலோ. ஆறு கிழமையால பித்தப்பைய எடுத்தாச்சு.

தெஹிவளைத் தங்கச்சி:
அக்கா, என் அக்காவுக்கும் இதே வருத்தம்தான், ஆனா கல்லு இல்ல. எடுத்த ரத்தத்தக் கொஞ்ச நேரம் வச்சா மேல பால் மாதிரி மிதந்துச்சு, ட்ரைகிளிசரைட்ங்கிற ரத்தக் கொழுப்பு 1000த்த எப்பவோ தாண்டியிருந்திச்சு. கடைசி மாசங்கள்ல அது எல்லாருக்குமே 2, 3 மடங்கு ஏறுமாம், எங்க குடும்பத்துல ஏற்கனவே கூட. சீனி வருத்தம் இல்லாமலே இன்சுலின் ஏத்தினாங்க, கொழுப்ப இறக்குறதுக்குத்தானாம். 33 கிழமைல குழந்தை வந்துட்டான், மூணு கிழமை குறைமாசப் பிள்ளைங்க வார்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. இப்ப நல்லா ஓடித் திரியிறான். அடுத்த பிள்ளைக்கு அக்கா முதல் மாசத்துலயே வெறும் வயித்துல கொழுப்பு டெஸ்ட் செஞ்சிட்டாங்க.

கொட்டாஞ்சேனைல இருந்து:
எனக்கு 20 கிழமை, சாப்பிட்டா வலது பக்கம் விலாவுக்குக் கீழ நோகுது. ஸ்கேன் அடிக்கடி எடுத்தா பிள்ளைக்குக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க.

முதல் எழுதினவ:
தங்கச்சி, அது சத்த அலைதான், கதிர்வீச்சு ஒண்டும் இல்ல. நாளைக்கே போய்க் காட்டுங்கோ, பித்தப்பையயும் பாக்கச் சொல்லி நீங்களே வாயத் திறந்து கேளுங்கோ. நோ முதுகுக்குப் போய்ச் சத்தியும் வந்தா விடியுமட்டும் இருக்காதேங்கோ.