சின்னதா எதையாவது எடுத்துட்டு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கா? உங்க அனுபவம்

நீலமசி

ஏழாம் வகுப்பு. கூடப் படிச்ச பொண்ணோட இங்க் பேனா. ஏன் எடுத்தேன்னு கேட்டா இன்னைக்கும் பதில் கிடையாது, எங்கிட்டயே நல்ல பேனா இருந்துச்சு. சொல்ல வந்தது அது இல்ல.

பேனா காணோம்னு அவ அழுததும் டீச்சர் எல்லார் பையையும் பார்க்கல. நேரா ஒருத்தி பையை மட்டும் எடுத்தாங்க. ஏன் அந்தப் பைன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. போன வருஷத்துப் பிள்ளைங்ககிட்ட பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிறவ, ஃபீஸ் கட்டலன்னு அடிக்கடி எழுந்து நிக்கிறவ. பையைத் தலைகீழாக் கவுத்தாங்க. நோட்டு, உடைஞ்ச ஸ்கேல், அப்புறம் கர்ச்சீப்புல முடிச்சு போட்ட ஒண்ணு விழுந்து அவுந்துச்சு. உள்ள பூரா பென்சில் துண்டு. ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மத்தவங்க தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வெச்சிருந்திருக்கா. கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பேனா என் சாக்ஸுக்குள்ள இருந்துச்சு, காலை அசைச்சா கணுக்கால்ல குத்தும்.

அந்தப் பேனாவால ஒரு வரி எழுதல, எங்க போச்சுன்னும் தெரியல. எடுத்தது இப்ப அவ்வளவா உறுத்தல, உண்மையைச் சொல்றேன். சிரிச்சதுதான். அவளோட தொடர்புல இருக்கிற தோழி ஒருத்தி எனக்கும் தோழி. இத்தனை வருஷம் கழிச்சுப் போய்ச் சொல்லணுமா? உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

நைட்ஷிப்ட்

அப்பா சட்டைப் பாக்கெட். இதைத் தொடாத பிள்ளை இருக்கானா என்ன. சில்லறை மட்டும்தான், நோட்டைத் தொடக்கூடாதுன்னு எனக்கு நானே ஒரு சட்டம் வேற போட்டு வெச்சிருந்தேன். அப்புறம் நோட்டும்.

ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரமாப் பார்த்து கையை விட்டா, காசோட ஒரு சீட்டு. அவர் கையெழுத்து. "வேணும்னா கேளு." அவ்வளவுதான். உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேட்குது, நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எடுத்துட்டா நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்படியே வெச்சா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கேன்னு ஆயிடும். தண்ணிச் சத்தம் நின்னுச்சு. வெச்சுட்டு ஓடிட்டேன்.

அவர் அதைப் பத்திக் கடைசி வரைக்கும் வாயே திறக்கல. ஆனா சட்டை மாத்தினாலும் அந்தச் சீட்டு மட்டும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறி வந்துக்கிட்டே இருந்துச்சு. அது எப்படித் தெரியும்னு கேட்காதீங்க, காசு எடுக்கிறதை விட்டேனே தவிர பாக்கெட்டைப் பார்க்கிறதை உடனே விடல.

கறார்கணக்கு

நீலமசி, தயவுசெஞ்சு போய்ச் சொல்லாதீங்க. சொன்னா உங்க பாரம் இறங்கும், அவங்க தலையில ஏறும். அவங்க அதை எப்பவோ மறந்திருப்பாங்க. நாம குற்ற உணர்ச்சியில இருக்கும்போது மன்னிப்புக் கேட்கிறதே ஒரு சுயநலம். கேட்டா அவங்க "பரவாயில்ல"ன்னு சொல்லியே ஆகணும், வேற வழி இல்ல. அதுக்குப் பதிலா யாராவது ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுங்க, எழுதுபொருள் வாங்கிக் குடுங்க. பேரு வேண்டாம், போட்டோ வேண்டாம். மனசுல இருக்கிறதை ஒரு தாள்ல எழுதிக் கிழிச்சுப் போடுங்க. தினம் கொஞ்ச நேரம் அமைதியா உட்காருங்க. காலம்தான் மருந்து.

என் கதை ஒண்ணும் பெருசு இல்ல. கடையில மீதிச் சில்லறை அதிகமா வந்துச்சு, எண்ணிப் பார்த்துட்டே பாக்கெட்ல போட்டேன். கேஷியர் முகம் மட்டும் ஞாபகம் இருக்கு. அவ்வளவு பெரிய கடைக்கு அது ஒரு நஷ்டமான்னு அப்ப நினைச்சேன், இப்பவும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பக்கத்துபெஞ்ச்

@கறார்கணக்கு, மறந்திருப்பாங்கன்னு நீங்க எப்படிங்க முடிவு பண்ணீங்க?

நான் அந்தப் பக்கம். கவுத்தது என் பை. எங்க கிளாஸ்ல காணாமப் போனது கைக்கடிகாரம். பையில ஒண்ணும் இல்லன்னதும் யூனிஃபார்ம் பாக்கெட்டையும் வெளிய இழுத்துக் காட்டச் சொன்னாங்க, ரெண்டு பக்கமும் துணி தொங்க நின்னேன். மறுநாள் அந்தப் பையன் வீட்டுலயே அலமாரிக்குப் பின்னாடி கிடைச்சுடுச்சாம். அதை சார் எங்கிட்ட எப்படிச் சொன்னார் தெரியுமா? வராண்டாவுல நடந்து போய்க்கிட்டே, நிக்கக்கூட இல்ல, "அது கிடைச்சுடுச்சாம்பா"ன்னு. தேடினது அத்தனை பேர் முன்னாடி. கிடைச்சதை எங்கிட்ட மட்டும்.

பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் பாதிப் பேருக்கு நான்தான் எடுத்தேன்னு நினைப்பு. இன்னைக்கும் ஆபீஸ்ல யாராவது "என் சார்ஜரைப் பார்த்தீங்களா"ன்னு கேட்டா, என் டிராயரை நானே திறந்து காட்டிடுவேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கூட வேலை பார்க்கிறவங்க இப்பல்லாம் கிண்டல் பண்றாங்க.

சொல்றதால எனக்கு என்ன பாரம் ஏறப் போகுது? ஏறினது அப்பவே ஏறியாச்சு.

ஓய்வுநேரம்

அனைவருக்கும் வணக்கம். இங்கே காந்தியை யாரும் குறிப்பிடாதது ஆச்சரியமாக இருக்கிறது. பதினைந்து வயதில் அண்ணனின் கடனை அடைப்பதற்காக, அந்த அண்ணனின் கையில் இருந்த தங்கக் காப்பிலிருந்தே ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தாங்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராமல் தந்தைக்கு ஒரு சீட்டு எழுதினார். தண்டனை கேட்டார்; என் குற்றத்துக்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதினார். நோயில் பலகைக் கட்டிலில் படுத்திருந்த தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார், சீட்டைக் கிழித்தார், மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆகவே நீலமசி அவர்களே, எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்ல முடியாததைத் தாள் சொல்லும். இளமையில் நானும் நண்பர் ஒருவரின் புத்தகத்தைத் திருப்பித் தராமலே வைத்துக்கொண்டேன். அவர் இப்போது இல்லை. முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, அதனால் அந்தப் புத்தகத்தை யாருக்கும் இரவல் தருவதில்லை.

மூணாவதுமாடி

ஐயா, கோவிச்சுக்காதீங்க. அதே இடத்துல காந்தி இன்னொண்ணும் எழுதியிருக்கார். அப்பா அடிப்பாருங்கிற பயம் தனக்கு இல்ல, எங்களை எப்பவாவது அடிச்சதா நினைவே இல்லன்னு. அப்படிப்பட்ட அப்பாகிட்ட சீட்டு குடுக்கலாம்.

எங்க வீட்டுல "உண்மையைச் சொல்லு, அடிக்க மாட்டேன்"னு சொன்னாங்க. சொந்தக்காரப் பையனோட பொம்மைக் காரு, சாவி குடுத்தா ஓடும். தலையணை உறைக்குள்ள இருந்து நானே எடுத்துக் குடுத்தேன். குடுத்து முடிக்கல, அடி விழுந்துச்சு. வலிச்சது ஞாபகம் இல்ல. கீழ விழுந்த காரு சாவி தீர்ற வரைக்கும் தரையில சுத்திக்கிட்டே இருந்துச்சு, அதை நிறுத்தவும் எனக்குத் தைரியம் வரல, பார்த்துக்கிட்டே அடி வாங்கினேன். ஒழுங்காப் பொய் சொல்லக் கத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான்.

மாறினது வேலைக்குப் போன பிறகு. கல்லாவுல இருந்து அவசரத்துக்கு எடுத்தேன், வெச்சுடலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள கணக்குப் பார்த்துட்டாங்க. முதலாளி கேட்டார். பொய் தயாரா வாய் வரைக்கும் வந்துடுச்சு, ஆனா அவர் கேட்ட விதம், பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, எழுதறதுக்குத் தயாரா... சொல்லிட்டேன். என் பேர்ல அட்வான்ஸ்னு எழுதிக்கிட்டார். மறுநாள் காலையில கல்லாச் சாவி வழக்கம்போல என் கைக்குத்தான் வந்துச்சு.

அம்மாவும்டீச்சரும்

மூணாவதுமாடி தம்பி எழுதினதைப் படிச்சுட்டுச் சும்மா போக முடியல.

என் பையன் யூ.கே.ஜி.யில வேற பிள்ளையோட ரப்பரைக் கொண்டு வந்துட்டான். கூட்டிட்டுப் போனேன், அவனே குடுத்தான், அந்தப் பிள்ளை வாங்கி முகர்ந்து பார்த்துட்டுப் பையில போட்டுக்கிச்சு. அவ்வளவுதான் கதை.

ஆனா பெத்தவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். விக்டோரியா தல்வார், காங் லீன்னு குழந்தைகள் பொய் சொல்றதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றவங்க. 2011-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு பள்ளிக்கூடம், ஒண்ணுல அடி, இன்னொண்ணுல அடி கிடையாது. எட்டிப் பார்க்காதேன்னு சொல்லிட்டு ஒரு பொம்மையை வெச்சுட்டுப் போவாங்க, திரும்பி வந்து பார்த்தியான்னு கேட்பாங்க. அடிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான் அதிகமாப் பொய் சொன்னாங்க, அதுவும் மாட்டிக்காம, சாமர்த்தியமா. மூணு நாலு வயசுப் பிள்ளைங்க!

அப்புறம் 2014-ல இன்னொண்ணு. மூணுல இருந்து ஏழு வயசுப் பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிட்டு இதே மாதிரி சோதிச்சாங்க. பொய் சொன்னா மூக்கு நீளும், பொய் சொன்னா ஓநாய் வரும்ங்கிற கதைகளுக்குப் பலனே இல்ல. மரத்தை வெட்டினது நான்தான்னு ஒத்துக்கிட்ட ஜார்ஜ் வாஷிங்டனை அப்பா பாராட்டின கதையைக் கேட்டவங்கதான் அதிகமா உண்மை சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த மரம் வெட்டின கதையே கட்டுக்கதை. வீம்ஸ்னு ஒருத்தர் வாஷிங்டனோட வாழ்க்கை வரலாற்றுல 1806-ல சேர்த்துவிட்டது. நேர்மையைச் சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒரு புளுகு!

அதனால பிள்ளை எதையாவது எடுத்துட்டு வந்தா "திருடன்"னு பட்டம் கட்டாதீங்க. "நீ எடுத்தியா"ன்னு கேட்டு மடக்காதீங்க, எடுத்தது தெரிஞ்சா நேரா "இதை எப்படித் திருப்பிக் குடுக்கலாம்"னு ஆரம்பிங்க. கூடப் போங்க, ஆனா நீங்க பேசாதீங்க, பிள்ளை பேசட்டும். ஊர் பூரா சொல்லிச் சிரிக்காதீங்க. ஒருவேளை தேவையே இல்லாம, பெரியவங்களான பிறகும் அடக்க முடியாம எடுத்துக்கிட்டே இருக்காங்கன்னா அது வேற, அதுக்கு மருத்துவர் இருக்காங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ரசீதுஇல்லை

அக்கா, பிள்ளை வளர்க்கிறதைப் பத்தி இங்க யாரும் கேட்கல :)

நான் கறார்கணக்கு கட்சி, ஆனா பாதி. திருப்பிக் குடுக்கணும், பேர் சொல்லணும்னு அவசியம் இல்ல. நூலகத்துல ஒரு படப் புத்தகத்துல இருந்து ஒரு பக்கத்தை பிளேடு வெச்சு அறுத்து எடுத்தவன் நான். அறுக்கும்போது சத்தம் கேட்கக்கூடாதுன்னு இருமிக்கிட்டே அறுத்தேன். பக்கத்துல இருந்த பெரியவர் எனக்குத் தண்ணி பாட்டிலை நீட்டினார் பாருங்க, வாங்கிக் குடிச்சேன். அது போதும், இன்னைக்கும் கூசுது. பல வருஷம் கழிச்சு அந்தப் பக்கத்தைக் கவர்ல போட்டுத் தபால்ல அனுப்பிட்டேன், பேர் எழுதல.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. அமெரிக்க அரசாங்கக் கஜானாவுல இதுக்குன்னே ஒரு கணக்கு இருக்கு, மனசாட்சி நிதின்னு. 1811-ல யாரோ அஞ்சு டாலர் அனுப்பி ஆரம்பிச்சது. வர்ற கடிதத்துல நிறைய பேர் பெயரே போட மாட்டாங்க. வாங்கிக்கிறாங்க இல்ல?

பக்கத்துபெஞ்ச்

@ரசீதுஇல்லை, கஜானாவோட பையை யாரும் கவுக்கலையே. உங்க புத்தகப் பக்கத்துக்காக வேற ஒருத்தர் திட்டு வாங்கியிருந்தா? அந்தப் பெரியவரையே பிடிச்சிருந்தா? நீங்க சொல்ற கணக்குல பொருளும் அதுக்குச் சொந்தக்காரரும்தான் இருக்காங்க. நீலமசி கதையில மூணாவது ஆள் ஒருத்தி இருக்கா. பேனாக்காரிக்கு வேணும்னா பேர் போடாம ஒரு பேனா அனுப்புங்க.

நீலமசி

நம்பர் வாங்கிட்டேன், இன்னும் கூப்பிடல. பக்கத்துபெஞ்ச், நீங்களே சொல்லுங்க, என்னன்னு ஆரம்பிக்கிறது?

பக்கத்துபெஞ்ச்

"பேனாவை எடுத்தது நான்." அவ்வளவுதான். ஏன் எடுத்தீங்க, எவ்வளவு நாளாத் தூக்கம் வரல, இதெல்லாம் அவங்க கேட்டா மட்டும். மன்னிச்சுட்டியான்னு கேட்காதீங்க, அதுல மட்டும் கறார்கணக்கு சொன்னது சரி. பழைய கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அங்கயும் சொல்லட்டுமான்னு அவங்ககிட்ட கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. சரின்னா அங்கயும் எழுதுங்க.

கவுண்ட்டர்4

லேட்டா வரேன். கறார்கணக்கு அண்ணா, மீதிச் சில்லறைக் கதை எழுதினீங்களே, அந்தக் கேஷியர் சீட்டுல உட்கார்ந்திருந்தவ நான். உங்க கடை இல்ல, வேற கடை. பெரிய கடைக்கு நஷ்டமே இல்ல, நீங்க சொன்னது சரிதான். ராத்திரி கல்லா எண்ணும்போது குறைஞ்சா எங்க சம்பளத்துல பிடிச்சுடுவாங்க.

ஒரே ஒருத்தர் திரும்பி வந்தார். மறுநாள், கூட்ட நேரம். பொருள் எதுவும் வாங்காம வரிசையில நின்னு, தன் முறை வந்ததும் "நேத்து நீங்க அதிகமாக் குடுத்துட்டீங்கம்மா"ன்னு நோட்டை நீட்டினார். நான் அவர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். முந்தின நாள் கணக்கு முடிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு, பிடிச்சும் ஆச்சு, இதை எதுல போய் ஏத்துவேன்? பின்னாடி நின்னவங்க உச்சுக் கொட்டுறாங்க. அவர் நோட்டை வெச்சுட்டு ஏதோ அவர்தான் தப்புப் பண்ணின மாதிரி போயிட்டார்.

அதை நானே வெச்சுக்கிறதுல தப்பே இல்ல, என் காசுதான். ஆனா கேமரா இருக்கு, கல்லாவுக்குப் பக்கத்துல இருந்து பாக்கெட்டுக்குக் கை போனா என்ன ஆகும்னு தெரியும். சூப்பர்வைசர்கிட்ட கொண்டு போனேன். இன்னைய உபரியில எழுதுன்னார். அப்ப என் சம்பளத்துல பிடிச்சதுன்னு கேட்டேன். அது நேத்தைய குறைவு, இது இன்னைய உபரி, ரெண்டும் வேற வேற தலைப்புன்னுட்டார்.