2015இல் சேமித்த நீலகிரி மலை ரயில் ஆட்டத்தைப் புதிய ஓப்பன்டிடிடியில் திறக்க உதவி வேண்டும்

கேள்வி: கேத்தியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டில், ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவர், ஓப்பன்டிடிடி என்ற, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கணினி விளையாட்டில் நம் மலை ரயிலை மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்று இறங்கினோம். அப்போதிருந்த 1.4ஆம் பதிப்பில் நிலத்தின் உயரம் 15 படிகளுக்கு மேல் போகாது என்பதால், மேட்டுப்பாளையத்தின் 326 மீட்டரிலிருந்து உதகையின் 2,203 மீட்டர் வரையிலான ஏற்றம் முழுவதையும் அந்தப் பதினைந்து படிகளுக்குள் அடக்க நாங்கள் ஏறக்குறைய ஓராண்டு உழைத்தோம். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையிலான பல்சக்கரப் பாதைக்கென (நடுவிலுள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பாதை) ஒரு தனித் தண்டவாள வகை, ஒரு நீராவி எஞ்சின், ஒரு டீசல் எஞ்சின், நீலமும் வெளிர்மஞ்சளும் பூசிய ஒரு பெட்டி ஆகியவற்றை நாங்களே வரைந்து விளையாட்டில் புதிய வண்டிகளையும் படங்களையும் சேர்க்கும் ஒரு நியூஜிஆர்எஃப் (சுருக்கமாக ஜிஆர்எஃப்) கோப்பாகச் சேர்த்திருந்தோம். கடைசியாகச் சேமித்தது 2015இல்.

இப்போது எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். அவர்களிடம் இதைக் காட்டலாம் என்று, லினக்ஸ் நிறுவிய ஒரு கணினியில் 13ஆம் பதிப்பை ஏற்றி அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். ஆட்டம் திறந்தது, ஆனால் காணாமற்போன ஜிஆர்எஃப் கோப்பு முடக்கப்பட்டதாக ஓர் எச்சரிக்கை வந்து, ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. ரயில்களின் பெயர் இருந்த இடத்தில் செல்லாத வாகனம் என்று பொருள்படும் ஒரு வரி மட்டும் இருக்கிறது. நிலையங்களின் பெயர்களும் சிதைந்துவிட்டன. 'கேத்தி' என்பதில் ஏகாரக் கொம்பு ககரத்தை விட்டு விலகி அடுத்த தகரத்தின் முன்னால் போய் நிற்கிறது. 'குன்னூர்' என்பதில் உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்குகிறது. இந்த ஆட்டத்தை மீட்க வழி உண்டா? வேறு பிரதி எங்களில் யாரிடமும் இல்லை.

பதில்: குன்னூரிலிருந்து

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கோப்பை இப்போதிருக்கும் நிலையில் எக்காரணம் கொண்டும் மீண்டும் சேமித்துவிடாதீர்கள். வாகனங்களைப் பொறுத்தவரை, எந்த ஜிஆர்எஃப்பில் எத்தனையாவது எண்ணுள்ள வாகனம் என்ற குறிப்பைச் சேமிப்புக் கோப்பு தன்னுள் வைத்திருப்பதால், அந்த ஜிஆர்எஃப் கிடைத்ததும் வாகனம் திரும்பிவிடும். தண்டவாளத்தின் கதை வேறு. ஒரு தண்டவாள வகையின் அடையாளச் சொல் கிடைக்காவிட்டால், விளையாட்டு அந்தப் பாதை முழுவதையும் சாதாரணத் தண்டவாளமாக மாற்றித்தான் திறக்கிறது. அந்நிலையில் சேமித்தால் கல்லாரிலிருந்து குன்னூர் வரை நீங்கள் போட்ட பல்சக்கரப் பாதை நிரந்தரமாகச் சாதாரணப் பாதையாகிவிடும். பிறகு ஜிஆர்எஃப் கிடைத்தாலும் ஒவ்வொரு கட்டமாக மறுபடி போட வேண்டியதுதான். விளையாட்டு தானாகவே நின்றதும் இதனால்தான். மூலக்கோப்பை ஒரு பென்டிரைவில் படியெடுத்து, அந்தப் படியில் மட்டும் சோதனை செய்யுங்கள்.

பதிப்பு பழையது என்று கவலைப்பட வேண்டாம். லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் 2004இல் வெளியிட்ட இந்தத் திறமூல விளையாட்டில், 1995இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸின் சேமிப்புக் கோப்புகளைக்கூட இன்றும் திறக்க முடிகிறது. பதிப்புக்குப் பதிப்பு கோப்பின் அமைப்பு மாறும்போதெல்லாம், பழையதைப் புதியதாக மாற்றும் வரிகளை யாரோ ஒருவர் பொறுப்பாக எழுதிச் சேர்த்திருக்கிறார். ஆகவே உங்கள் 2015ஆம் ஆண்டுக் கோப்பில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் வரைந்த ஜிஆர்எஃப் இல்லாததுதான் குறை.

அந்த ஜிஆர்எஃப் கோப்பை விளையாட்டின் இணையப் பொதுத் தொகுப்பில் ஏற்றியிருந்தீர்களா? ஏற்றியிருந்தால், ஆட்டத்தைத் திறக்கும் சாளரத்திலேயே காணாமற்போனவற்றை இணையத்தில் தேடும் பொத்தான் இருக்கிறது. இல்லையென்றால், அதைத் தயாரித்த மூல வரிகளாவது கையில் உள்ளனவா?

கேத்தியிலிருந்து

மிக்க நன்றி ஐயா. நல்லவேளையாக நான் சேமிக்கவில்லை. உடனே இரண்டு படிகள் எடுத்துவிட்டேன். பொதுத் தொகுப்பில் ஏற்ற வேண்டும் என்று அந்த வயதில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஜிஆர்எஃப் இருந்த கணினியின் வன்தட்டு, தொடர்ந்து மூன்று மழைக்காலம் மூடிய அறையில் ஈரம் குடித்துப் பழுதாகிவிட்டது. ஆனால் நண்பனின் மின்னஞ்சலில் என்எம்எல் மொழியில் எழுதிய மூலக் கோப்பும், வண்டிகளின் பிஎன்ஜி படமும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு, அம்மொழியைத் தொகுக்கும் என்எம்எல்சி நிரலால் ஜிஆர்எஃப் உருவாக்க முயன்றபோது, படம் வண்ண அட்டவணை முறையில் இல்லை என்ற பிழையோடு நின்றுவிட்டது. அந்தப் படத்தை நண்பன் இடையில் ஒருமுறை வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்திருக்கிறான்.

பதில்: திருச்சி பொன்மலையிலிருந்து

தம்பி, மூலக் கோப்பு கிடைத்ததே பாதி வெற்றி. படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இதே இடத்தில் நானும் ஒரு வாரம் திண்டாடியிருக்கிறேன்.

இந்த விளையாட்டின் எட்டு பிட் படங்கள் 256 நிறங்கள் கொண்ட ஒரே அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் பதிந்திருப்பது நிறம் அல்ல, அட்டவணையில் அந்த நிறம் எத்தனையாவது என்ற எண். வேறு மென்பொருளில் சேமித்தபோது அந்த எண்கள் போய் வெறும் நிறங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். கிம்ப் என்ற பட மென்பொருளில் படத்தைத் திறந்து, நிறமுறையை அட்டவணை முறைக்கு மாற்றி, விளையாட்டின் 'டாஸ்' என்ற நிற அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வரும் சாளரத்தில், பயன்படாத நிறங்களையும் ஒன்றுபோல் உள்ள நிறங்களையும் நீக்குவதற்கான ஒரு பெட்டி ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அட்டவணை சுருங்கி எண்கள் எல்லாம் இடம் மாறி, எஞ்சின் பச்சையும் ஊதாவுமாக வரும்.

இன்னொன்று, 198 முதல் 205 வரையிலான எண்கள் நிறுவன நிறத்துக்கு, அதாவது ஆடுபவர் தன் நிறுவனத்துக்குத் தேர்ந்தெடுக்கும் நிறத்துக்கு உரியவை. பார்வைக்கு அவை வெறும் நீலமாகவே தெரியும். உங்கள் பெட்டியின் நீலத்தை அந்த எண்களில் வரைந்திருந்தீர்கள் என்றால், மாற்றத்தின்போது அவற்றில் சில புள்ளிகள் பக்கத்திலுள்ள சாதாரண நீலத்துக்குப் போயிருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டத்தில் நிறுவனத்தின் நிறத்தைச் சிவப்பாக மாற்றிப் பாருங்கள். பெட்டியில் எந்தப் புள்ளிகள் நீலமாகவே நிற்கின்றனவோ அவைதான் வழி தவறியவை. அவற்றைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஒரு பெட்டிக்கு எட்டுத் திசைகளிலும் படம் இருப்பதால் பொறுமை தேவைப்படும்.

பதில்: கொடைக்கானலிலிருந்து

நண்பரே, எழுத்துச் சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நிலையத்தின் பெயர்கள் கோப்பில் யுனிகோடாக முழுமையாக இருக்கின்றன. திரையில் அடுக்கும்போதுதான் தவறு நேர்கிறது. தமிழில் எ, ஏ, ஐ ஆகியவற்றின் கொம்புகள் சேமிப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால் இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் வர வேண்டும். அதை மாற்றி அடுக்குவதற்கு ஒரு தனி நிரலகம் வேண்டும். லினக்ஸில் அந்த வேலையை முன்பு ஐசியு என்ற நிரலகத்தின் அடுக்கும் பகுதி செய்துவந்தது. அதன் 58ஆம் பதிப்பில் அப்பகுதி கைவிடப்பட்டதால், பல லினக்ஸ் தொகுப்புகளில் வந்த ஓப்பன்டிடிடி அது இல்லாமலே தயாரிக்கப்பட்டது. 2024இல் வெளியான 14ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்பில் நடுத்தர எழுத்துருவின் இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'ணு', 'றூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி சிறிய அளவில் மங்கிப்போகிறது.

கேத்தியிலிருந்து

பொன்மலை அக்காவுக்கும் கொடைக்கானல் நண்பருக்கும் நன்றி. எழுத்துகள் சரியாகிவிட்டன. கேத்தியும் லவ்டேலும் வெலிங்டனும் ஒழுங்காகத் தெரிந்ததைப் பார்த்தபோது எனக்குப் பத்து ஆண்டுகள் பின்னால் போனது போல் இருந்தது. படத்தையும் மாற்றிவிட்டேன். அக்கா சொன்னபடி நிறுவன நிறத்தைச் சிவப்பாக்கியபோது, பெட்டியின் ஜன்னலுக்குக் கீழே நான்கு புள்ளிகள் மட்டும் பிடிவாதமாக நீலமாக நின்றன. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

ஜிஆர்எஃப் உருவாகி, இணக்கமான கோப்பு கிடைத்ததாக விளையாட்டும் ஏற்றுக்கொண்டது. பல்சக்கரப் பாதை அப்படியே இருக்கிறது. ஆனால் புதிய சிக்கல்: பல்சக்கரப் பாதையில் அடர்லி நிலையத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின் நிற்கிறது, அது நகரவே இல்லை. குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் டீசல் ஓட வேண்டிய இடத்தில் நீராவி எஞ்சின் ஓடுகிறது. இதோடு இன்னொரு ஆசையும் உண்டு. உண்மையில் அந்தப் பாதையின் ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. ஆட்டத்தில் ரயிலுக்கான சரிவு இயல்பாக 3 சதவீதம்தான். அதை 8 ஆக்கிவிடலாமா?

பதில்: குன்னூரிலிருந்து

இரண்டு எஞ்சின்களும் எண் மாறிவிட்டன, வேறொன்றும் இல்லை. என்எம்எல் மூலத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் நீங்களே எண் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், கோப்பில் வரும் வரிசைப்படி நிரலே எண் கொடுத்துவிடும். 2015க்குப் பிறகு யாரோ மூலத்தைத் திறந்து வரிசையை மாற்றியிருக்க வேண்டும். முன்பிருந்த வரிசை இப்போது தலைகீழாகிவிட்டது என்பது நடந்த இடமாற்றத்திலிருந்தே தெரிகிறது. இரண்டின் எண்களையும் மாற்றி, இம்முறை அவற்றை மூலத்திலேயே வெளிப்படையாக எழுதிவையுங்கள். நான்கு எழுத்து ஜிஆர்எஃப் அடையாளத்தையும், தண்டவாள வகையின் நான்கு எழுத்து அடையாளச் சொல்லையும் ஒருபோதும் தொடாதீர்கள். மூலத்திலிருந்து புதிதாக உருவாக்கிய கோப்பின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பழையதோடு பொருந்தாது. அடையாளம் ஒன்றாக இருப்பதால்தான் விளையாட்டு அதை இணக்கமானது என்று ஏற்றுக்கொண்டது.

சரிவைப் பற்றி: அந்த அமைப்பு ஆட்டத்திலுள்ள எல்லா ரயில்களுக்கும் பொதுவானது. 8 ஆக்கினால் குன்னூருக்கு மேலே சாதாரணப் பாதையில் ஓடும் டீசலும் அதே பாரத்தை இழுத்துத் திணறும். உண்மையில் ஆப்ட் முறைப் பல்சட்டம் எஞ்சினைப் பிடித்துக்கொள்வதால்தான் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்களால் அந்த ஏற்றத்தில் ஏற முடிந்தது. ஆட்டத்தில் அதற்கு நெருக்கமானது, எஞ்சின் தன் எடையில் எவ்வளவு பங்கை இழுவிசையாக்கும் என்று சொல்லும் இழுவைக் கெழு. சொல்லாமல் விட்டால் 0.3 என்று எடுத்துக்கொள்ளும். நீராவி எஞ்சினுக்கு மட்டும் அதை உயர்த்தலாம். ஆனால் அதை இன்றே செய்யாதீர்கள். முதலில் 2015இல் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் ஓடட்டும். அந்த நிலையைத் தனியே சேமித்த பிறகு, பதிப்பு எண்ணைக் கூட்டி இரண்டாம் பதிப்பாக மாற்றங்களைச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் கெட்டது என்று தெரியாமல் போகும்.

பதில்: திருச்சி பொன்மலையிலிருந்து

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த முறையாவது ஜிஆர்எஃப்பையும், மூலத்தையும், படத்தையும் பொதுத் தொகுப்பில் ஏற்றிவிடுங்கள். அதற்கு ஓர் உரிமம் குறிப்பிட வேண்டும். மூவரும் சேர்ந்து வரைந்தது என்பதால் மற்ற இருவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பையே கொடுத்தால், நாளை வேறொருவர் உங்கள் எஞ்சினைத் திருத்தி வளர்க்கவும் தடை இராது. எங்கள் ஊர்ப் பணிமனையில் உங்கள் மலைப்பாதைக்கென்று புதிய நீராவி எஞ்சின்களைச் செய்தார்கள். அவற்றையும் வரைந்து சேர்க்க எனக்கு ஆசை.

கேத்தியிலிருந்து

எண்களை மாற்றியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. நேற்று மாலை, நின்றிருந்த ஆட்டத்தை மீண்டும் ஓடவிட்டோம். அடர்லிக்கு மேலே நின்றிருந்த ரயில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஹில்குரோவ் நோக்கி நகரத் தொடங்கியது. மழையில் மின்சாரம் போகும்வரை பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. நண்பர்கள் இருவரும் ஜிபிஎல்லுக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டார்கள். இந்த வாரமே ஏற்றிவிடுகிறேன். அக்கா, மூலக் கோப்பு உங்களுக்காகவும் காத்திருக்கும்.

திருத்திய பெண், ரயிலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, நிஜத்தில் எஞ்சின் கீழேயிருந்து தள்ளிக்கொண்டுதானே வரும், இதில் ஏன் முன்னால் இழுக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. குன்னூர் வரை எஞ்சின் பின்னால்தான் இருக்கும். அதை எப்படிச் செய்வது என்று தனி இழையில் கேட்கிறேன். இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம்.