சிரிச்சா முழங்கால் மடங்குது, வகுப்புல தூக்கம். யாராவது பார்த்திருக்கீங்களா?

திண்டுக்கல் அம்மா:
பையனுக்கு 9 வயசு. தீபாவளிக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது. ராத்திரி பத்து மணி நேரம் தூங்குறான், ஆனாலும் காலையில தோசையைப் பிய்ச்ச கையோட தட்டுலயே சாய்ஞ்சிடுறான். நாலு மாசத்துல 28 கிலோ 35 ஆயிடுச்சு. அவன் சித்தப்பா ஏதாவது ஜோக் சொன்னா வாய் தொங்கி, நாக்கு லேசா வெளிய வந்து, அப்படியே உட்கார்ந்திடுறான். வலிப்போன்னு பார்த்தாங்க, இ.இ.ஜி நார்மல். ராத்திரி நெஞ்சுல யாரோ உட்கார்றாங்கன்னு அழறான். அமுக்குவான் பேய்னு மாமியார் கயிறு மந்திரிச்சுக் கட்டிட்டாங்க. டீச்சர் டைரியில எழுதுறது ஒரே வார்த்தைதான்: சோம்பேறி.

மாடிவீடு:
ராத்திரி போன் பார்க்கிறானா? தைராய்டு, ரத்தம் பாருங்க.

திண்டுக்கல் அம்மா:
ரெண்டும் பார்த்தாச்சுங்க, சரியா இருக்கு. போனை நான் பீரோவுல பூட்டிடுறேன்.

கோவை அப்பா:
அம்மா, ஒண்ணு மட்டும் அவன்கிட்ட கேளுங்க. கால் மடங்கினப்போ நீங்க பேசினது அவனுக்குக் கேட்டுச்சா? என் பொண்ணுக்கு எல்லாம் கேட்டுச்சு. நினைவு தப்பாம, சிரிப்புல தசை மட்டும் தளர்ந்தா அதுக்குக் கேட்டாப்ளெக்ஸின்னு பேரு. பகல் தூக்கத்தோட அதுவும் சேர்ந்திருந்தா நார்கோலெப்ஸியான்னு பார்க்கணும். மூளையில நம்மை முழிச்சிருக்க வைக்கிற ஹைப்போகிரெட்டின் செல்கள் அழிஞ்சு வர்ற நோய் அது. எடை ஏறுறதும், அந்த அமுக்குவானும்கூட அதோட சேர்ந்து வர்றதுதான். சாப்பாட்டைப் பிடுங்காதீங்க. நான் பிடுங்கினேன், இப்பவும் மனசு உறுத்துது.

அடுத்த தடவை சிரிக்கும்போது வீடியோ எடுங்க. ரெண்டு வாரம் தூக்க நேரத்தை நோட்டுல எழுதி, தூக்க ஆய்வு செய்யுற குழந்தை நரம்பியல் டாக்டர்கிட்ட கொண்டு போங்க. எங்களை ஒரு ராத்திரி லேப்ல படுக்க வச்சாங்க. மறுநாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் அஞ்சு தடவை தூங்கச் சொன்னாங்க. சராசரியா 8 நிமிஷத்துக்குள்ள தூங்கி, ரெண்டு தடவையாவது 15 நிமிஷத்துக்குள்ள கனவுத் தூக்கத்துக்குப் போறாங்களான்னு பார்ப்பாங்க. என் பொண்ணு அஞ்சுல நாலு தடவை போயிட்டா. தலையில ஒயர் ஒட்டின பசை போக ரெண்டு எண்ணெய்க் குளியல் ஆச்சு, அதையும் சொல்லிடுறேன். வேற மாத்திரை ஏதாவது குடுத்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரிசல்ட் மாறும்.

இப்ப மாத்திரை சாப்பிடுறா. மதியம் 20 நிமிஷம் ஸ்டாஃப் ரூம் பெஞ்சுல தூங்க விடுறாங்க, அதுக்கு நான் ஹெச்.எம்.கிட்ட மூணு தடவை நடந்தேன். நோய் முழுசாப் போகாது. ஆனா அஞ்சாவது பீரியட்ல கணக்குப் போடுறா. கிணறு, குளம், மொட்டைமாடி மட்டும் தனியா விடாதீங்க.

திண்டுக்கல் அம்மா:
கேட்டேன்ணா. "நீ சித்தப்பாவைத் திட்டினது கூடக் கேட்டுச்சும்மா, வாயைத்தான் திறக்க முடியல"ன்னான். வீடியோவும் எடுத்துட்டேன். வியாழக்கிழமை மதுரைக்குப் போறோம். கயிறு கையிலயே இருக்கட்டும், மாமியாரோட சண்டை போட இப்ப தெம்பு இல்ல.