பெரும்பாலான இளைஞர்கள் பல்கலைக்கழகம் போகத்தான் வேண்டுமா?

உளிச்சத்தம்:
பட்டதாரிகளின் சராசரிச் சம்பளத்தைக் காட்டி எல்லோரையும் பட்டப்படிப்புக்குத் தள்ளுவது தவறு. அந்தச் சராசரிக்குள் மருத்துவரும் இருக்கிறார், முதல் வரிசை மாணவரும் இருக்கிறார். சேரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவருக்கு அது பயன்படாது. தன் அளவு மதிப்பெண்ணோடு அதே பாடப்பிரிவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்றுதான் அவர் கேட்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பள்ளி முடித்தவருக்கு ஆண்டுச் சம்பளம் 100, கல்லூரிக் கட்டணம் 40 என்று வையுங்கள். நான்கு ஆண்டுக்குக் கட்டணம் 160, இழந்த சம்பளம் 400, ஆக 560. (சாப்பாட்டுச் செலவைச் சேர்க்காதீர்கள், படிக்காவிட்டாலும் சாப்பிடத்தான் வேண்டும். பலர் இங்கேதான் கணக்கைக் கெடுக்கிறார்கள்.) பட்டத்தால் ஆண்டுக்கு 30 கூடுதலாக வந்தால் போட்டதை எடுக்க 19 ஆண்டு. முடிக்கும் வாய்ப்பு 60% என்றால் கூடுதல் 18 ஆகக் குறையும், 31 ஆண்டு பிடிக்கும்.

எழுத்தாணி:
உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள். இரண்டாம் ஆண்டு முடிவில் நின்றவர் நான்கு ஆண்டுச் செலவைச் சுமப்பதில்லை, 280 தான் இழக்கிறார். முடிக்காத 40% பேருக்கும் அந்த 280ஐ வைத்தால் சராசரிச் செலவு 448, மீட்க 25 ஆண்டு. அடுத்தது இதைவிடப் பெரியது: அந்த 30 வாழ்நாள் முழுக்க அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொண்டீர்கள். பட்டதாரியின் சம்பளம் நாற்பது வயதுக்கு மேலும் ஏறும். உடலுழைப்புத் தொழிலில் அதற்குள் ஏற்றம் நின்றுவிடும்.

பொருளியலாளர் எரிக் ஹனுஷேக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு 11 நாடுகளை ஒப்பிட்டது. தொழிற்கல்வி பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த அனுகூலம் தேய்ந்து பின்தங்குகிறார்கள். ஒரே இயந்திரத்துக்குப் பழகிய கைக்கு, இயந்திரம் மாறும்போது வேறு பிடி இல்லை. தொழிற்பயிற்சிக்குப் பேர்போன ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்திலேதான் இந்தப் போக்கு வலுவாகத் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
பட்டம் திறமையை வளர்க்கிறதா, ஏற்கெனவே இருக்கிற திறமைக்கு முத்திரை குத்துகிறதா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். 1973இல் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: வேலை தருபவர் விண்ணப்பதாரரின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதனால் பட்டத்தை அடையாளமாக வைத்து வடிகட்டுகிறார். பாதிப் பேரிடம் பட்டம் வந்துவிட்டால் வடிகட்டி ஒரு படி மேலே ஏறும். முன்பு பள்ளிச் சான்றிதழ் போதும் என்ற மேசைவேலைக்கு இப்போது பட்டம் கேட்பார்கள். வேலை அதேதான்.

1999இல் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் இளைஞர்களில் 50% பேர் உயர்கல்விக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார். 2017-18இல் இங்கிலாந்து அதைத் தாண்டியது. பட்டம் தேவைப்படும் வேலைகளும் அதே வேகத்தில் பெருகின என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுத்தாணி:
சரி, வடிகட்டி இருக்கிறது. அப்படியானால் அதற்குக் கீழே நிற்கச் சொல்வது யாரை? "பட்டம் வேண்டாம்" என்ற அறிவுரையை, படித்த குடும்பத்துப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. கேட்டு நடப்பது முதல் தலைமுறைப் பிள்ளைதான். எனக்கு இந்த வாதத்தில் பிடிக்காதது இதுவே. கட்டணச் சுமைக்கு வேறு வழி உண்டு. ஆஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கல்விக் கட்டணத்துக்கான கடன் வரியோடு பிடிக்கப்படும். சம்பாதிக்காதவரின் கழுத்தை அது நெரிக்காது.

உளிச்சத்தம்:
இழந்த ஆண்டுகளை எந்தக் கடன் திட்டமும் திருப்பித் தராது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஆண்டுகள்தான் அதிகம் வலிக்கும்.

தொழிற்பயிற்சியின் அனுகூலம் தேய்கிறது என்பதை மறுக்கவில்லை. பயிற்சியின் அமைப்பைப் பொறுத்தது அது. ஜெர்மனியில் 1969இன் தொழிற்கல்விச் சட்டப்படி முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு வரையறுத்த பாடத்திட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில், மற்ற நாள் தொழிற்பள்ளியில், பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை ஆண்டு. இறுதித் தேர்வை முதலாளி நடத்துவதில்லை, தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. அதனால் சான்றிதழ் நாடெங்கும் செல்லும், ஆள் ஒரே நிறுவனத்தில் சிக்கிக்கொள்ள மாட்டார். இதைப் பார்த்துத் தொடங்கும் நாடுகள் பெரும்பாலும் இந்தத் தேர்வைத்தான் விட்டுவிடுகின்றன. பிறகு பயிற்சியாளர் மலிவுக் கூலியாள் ஆகிவிடுகிறார், தேநீர் வாங்கி வரவும் கிடங்கு கூட்டவும் மூன்று ஆண்டு போகிறது.

எழுத்தாணி:
மந்தநிலை வந்தால் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது பயிற்சி இடங்களைத்தான். பல்கலைக்கழகம் அந்த ஆண்டிலும் கதவைத் திறந்து வைத்திருக்கும். நீங்கள் சொல்லும் அமைப்பு இல்லாத இடத்தில் ஒரு பதினெட்டு வயதுக்காரர் என்ன செய்வது?

கடைசிபெஞ்ச்:
அவருக்கு நான் சொல்வது இது. பட்டத்தால் வரும் சம்பள உயர்வு ஆண்டுக்கு ஆண்டு சமமாக ஏறுவதில்லை, பெரும்பகுதி சான்றிதழ் கைக்கு வரும்போதுதான் வருகிறது. நான்கில் மூன்று ஆண்டு படித்து இடையில் நின்றவருக்கு முக்கால் பங்கு கிடைக்காது. ஆகவே முடிப்போமா என்ற சந்தேகம் இருந்தால், இரண்டாம் ஆண்டு முடிவில் தனிச் சான்றிதழோடு வெளியேற வழியுள்ள படிப்பில் சேருங்கள். அந்தச் சான்றிதழை வேலை விளம்பரங்கள் பெயர் சொல்லிக் கேட்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். முதல் ஆண்டில் இரண்டு அடிப்படைப் பாடங்கள் தேறாமல் நின்றால் அப்போதே முடிவெடுங்கள். மூன்றாம் ஆண்டு வரை இழுத்துவிட்டு நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

பயிற்சியில் சேர்வதானால் கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தேர்வை நடத்துவது யார், பயிற்றுநருக்குத் தகுதிச் சான்று உண்டா, பின்னாளில் பட்டப்படிப்பில் சேர இது ஏற்கப்படுமா. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று எழுத்தில் தந்தால், எழுத்தாணி சொன்ன தேய்மானத்துக்கு அதில் ஓரளவு மருந்து இருக்கிறது.