அபராவன் மைஸ்டெக்: நூறாண்டுத் தொழிற்கட்சித் தொகுதி கைமாறுமா?

மூவர் புனைபெயர்களில் நடத்திய விவாதம் (2025 நவம்பர்)

கரையோரம்

தெற்கு வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையை மையமாகக் கொண்ட அபராவன் தொகுதி 1922 முதல் தொழிற்கட்சியின் கையில் இருக்கிறது. 1924இல் முதல் தொழிற்கட்சிப் பிரதமரான ராம்சே மெக்டொனால்ட் இத்தொகுதியின் உறுப்பினர்தாம். அவரிலிருந்து இன்றைய ஸ்டீபன் கின்னக் வரை 103 ஆண்டுகளில் ஐந்தே பேர் இங்கிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கிறார்கள். 2024இல் எல்லைகள் திருத்தப்பட்டு மைஸ்டெக் நகரும் சேர்ந்தபின், கின்னக் ஏறத்தாழப் பாதி வாக்குகளுடன், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். நைஜல் ஃபராஜ் தலைமையிலான வலதுசாரி ரிஃபார்ம் கட்சி ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி மூன்றாவதாக வந்தது.

இவ்வளவு இருந்தும், 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டிய பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி இங்கே தோற்கும் என்பதே என் கணிப்பு. 2024 ஜூலையில் ஒன்றும் செப்டம்பர் 30 அன்று மற்றொன்றுமாக ஆலையில் கனிமத்தை உருக்கி இரும்பாக்கிய இரண்டு ஊதுலைகளும் மூடப்பட்டன. ஆலையின் உரிமையாளரான டாடா நிறுவனம் பிரிட்டன் முழுவதற்கும் அறிவித்த 2,800 வேலையிழப்புகளில் பெரும்பகுதி இந்த ஊரைச் சேர்ந்தது. பதினொரு ஆண்டுகளாக ஸ்வான்சியிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்துபோகிறேன். முன்பெல்லாம் கார்க் கண்ணாடியில் படியும் செந்தூசியை வாரத்துக்கு இருமுறை துடைக்க வேண்டியிருக்கும். மூடிய ஆண்டின் நவம்பரிலேயே அந்தத் துணி காரின் அடியறையில் மடித்தபடி கிடந்தது. தூசியைப் பற்றி வாழ்நாளெல்லாம் குறைசொன்ன என் உடன்பணியாளர் ஒருவர், அது இல்லாமல் ஊரே செத்ததுபோல் இருக்கிறது என்றார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்தது. இனி அக்கட்சிக்கு இல்லை என்கிறார்.

வாக்குக்கணக்கு

உங்கள் உடன்பணியாளரின் வருத்தத்தை மதிக்கிறேன், ஐயா. ஆனால் வருத்தம் வேறு, தொகுதி கைமாறுவது வேறு. 2015இலும் இதே தொகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யூகிப் கட்சி இரண்டாம் இடம் பிடித்தது, அப்போதும் கோட்டை சரிகிறது என்று எழுதினார்கள். இரண்டே ஆண்டில் அக்கட்சி கரைந்தது, கின்னக் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றார்.

ஊதுலைகளை மூடும் ஏற்பாடு கன்சர்வேட்டிவ் ஆட்சியில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு அரசு 50 கோடி பவுண்டு தரும் என்ற உடன்பாடு 2023 செப்டம்பரில் எட்டப்பட்டது. மொத்தம் 125 கோடி பவுண்டு செலவில் அந்த உலையின் கட்டுமானம் 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது. வாக்குப்பதிவு நடக்கும்போது புதிய உலையில் எஃகு உருகிக்கொண்டிருக்கும் வாய்ப்பே அதிகம். எதிர்ப்பு வாக்குகள் ரிஃபார்முக்கும் பிளைட் கம்ரிக்கும் இடையே பிரிந்தால், அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில் தொழிற்கட்சிக்கு 35 விழுக்காடுகூடப் போதுமானதாகிவிடும்.

கரையோரம்

புதிய உலை வரும். ஆனால் வேலை திரும்ப வராதே. கனிமத்தை உருக்கி இரும்பாக்கும் பணியும், அதற்கு முன்னதான கோக் அடுப்புப் பணியும், பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் ஆலைக்குத் தேவையில்லை. அதனால்தான் அதற்கு ஆட்கள் குறைவு.

ஆறாத காயம் என்று நான் சொல்வது வேறொன்று. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. விடுமுறையிலிருந்த நாடாளுமன்றத்தைக் கூட்டி, இங்கிலாந்திலுள்ள ஸ்கன்தோர்ப் எஃகு ஆலையின் ஊதுலைகள் அணையாமல் காக்க ஒரே நாளில் சட்டம் இயற்றினார்கள். ஆறே மாதத்துக்கு முன்பு இங்கே அணைந்தபோது அந்த அவசரம் எங்கே போனது என்ற கேள்விக்கு இந்த ஊரில் யாரும் திருப்தியான விடை பெறவில்லை. கின்னக் அமைச்சராக இருப்பதால் அரசை எதிர்த்து வாக்களிக்கவும் அவரால் முடியாது.

வேல்ஸிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. எபு வேல் எஃகு ஆலை 2002இல் மூடப்பட்டது. தொழிற்கட்சியின் பெருந்தலைவர் அனியூரின் பெவன் நின்று வென்ற அந்த மண்ணில், 2001இல் 19,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்ற தொழிற்கட்சி, 2005இல் சுயேச்சையாக நின்ற பீட்டர் லாவிடம் தோற்றது.

வாக்குக்கணக்கு

அந்த எடுத்துக்காட்டு முழுமையானதல்ல. பீட்டர் லா தொழிற்கட்சியிலேயே வளர்ந்தவர். பெண்களை மட்டுமே கொண்ட வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை திணித்ததை எதிர்த்து வெளியேறியவர். மக்கள் தம் வீட்டுப் பிள்ளைக்கு வாக்களித்தார்கள். ஆலை மூடலுக்குத் தண்டனையாக மட்டும் அதைப் படிக்க முடியாது. 2010இல் அத்தொகுதி தொழிற்கட்சிக்கே திரும்பியது. ரிஃபார்முக்கு அப்படிப்பட்ட உள்ளூர் வேர் இங்கில்லை. 2025 ஜூனில் நைஜல் ஃபராஜ் போர்ட் டால்பட்டுக்கு வந்து, ஊதுலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் மீண்டும் திறக்க வேண்டும் என்றார். உள்ளே இரும்பு இறுகிப்போன உலையை மீண்டும் எரியவைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளத்தாக்குவாசி

இருவரும் ஆலை வாசலிலேயே நிற்கிறீர்கள், அண்ணன்மாரே. நான் மைஸ்டெக்கில் முதியோர் பராமரிப்புப் பணியில் இருப்பவள். இந்தியக் குடியுரிமையுடன் இங்கு வாழும் எனக்கும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பொதுத்தேர்தலில் வாக்கு உண்டு, ஆகவே இந்தக் கணக்கை நான் வெளியே நின்று போடவில்லை.

அக்டோபர் 23 அன்று நடந்த கெர்ஃபிலி இடைத்தேர்தலை இருவருமே தொடவில்லை. வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத் 1999இல் தொடங்கிய நாள்முதல் தொழிற்கட்சி வைத்திருந்த அத்தொகுதியில் பிளைட் கம்ரியின் லின்சி விட்டில் 47 விழுக்காட்டுடன் வென்றார், ரிஃபார்முக்கு 36, தொழிற்கட்சிக்குப் பதினொன்று. 2021இல் 44 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு, இடைத்தேர்தலாக இருந்தும் ஐம்பதைத் தாண்டியது. ரிஃபார்மைத் தடுக்க வல்லவர் யார் என்று பார்த்து, தொழிற்கட்சி ஆதரவாளர்களே கூட்டமாக பிளைட் கம்ரிக்கு மாறினார்கள். ஆகவே எதிர்ப்பு வாக்குகள் பிரிந்து தொழிற்கட்சி நடுவில் தப்பிவிடும் என்ற கணக்கு தலைகீழாகவும் போகலாம். நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு இருபக்கமும் மக்கள் திரண்டுவிடுவார்கள்.

வாக்குக்கணக்கு

நல்ல வாதம், சகோதரி. ஆனால் தடுக்க வல்லவர் யார் என்பதை மக்கள் எதைப் பார்த்து முடிவு செய்வார்கள்? இங்கே 2024இல் பாதி வாக்கு வாங்கியவர் கின்னக்; பிளைட் கம்ரி பெற்றது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த எண்களைத் துண்டறிக்கையில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தால், ரிஃபார்மை அஞ்சுகிறவர்கள் தொழிற்கட்சியிடமே வருவார்கள்.

பள்ளத்தாக்குவாசி

அதற்கு முன்னரே வேறோர் எண் வந்துவிடும். 2026 மே 7 அன்று செனெத் தேர்தல். அபராவன் மைஸ்டெக்கும், பக்கத்து ரோந்தா ஓக்மோர் தொகுதியும் சேர்ந்து அஃபான் ஓகுர் ரோந்தா என்ற ஆறு உறுப்பினர் தொகுதியாகியிருக்கின்றன. அங்கே பிளைட் கம்ரி தொழிற்கட்சியை முந்தினால், உங்கள் 2024 துண்டறிக்கை பழைய நாட்காட்டிதான்.

கரையோரம்

இந்த ஓரிடத்தில் வாக்குக்கணக்கின் பக்கம் நிற்கிறேன். 1999இலும் 2016இலும் செனெத்துக்கு பிளைட் கம்ரியைத் தேர்ந்தெடுத்த ஊர் ரோந்தா. அவ்வாக்குகள் கலந்த முடிவைக் கொண்டு போர்ட் டால்பட்டின் மனத்தை அளக்க முடியாது. கடற்கரையை ஒட்டிய சான்ட்ஃபீல்ட்ஸ் குடியிருப்பில் என் காதில் விழும் பெயர் பிளைட் கம்ரி அல்ல, ரிஃபார்ம்தான். நீத் போர்ட் டால்பட் மாவட்டம் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறவே 56.8 விழுக்காடு வாக்களித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளத்தாக்குவாசி

கடற்கரையில் அப்படி இருக்கலாம். மைஸ்டெக் 2024 வரை ஓக்மோர் தொகுதியில் இருந்தது; எங்களுக்கு ஆலை நினைவைவிடச் சுரங்க நினைவே பெரிது. செயிண்ட் ஜான்ஸ் சுரங்கம் 1985இல் மூடப்பட்டபோது வேலையிழந்த ஒருவரை வாரம் நான்கு நாள் பார்த்துக்கொள்கிறேன். சுரங்கங்களை மீண்டும் திறப்போம் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது அவர் ஒலியைக் குறைக்கச் சொன்னார். தன் நுரையீரலைத் தொட்டுக்காட்டி, பேரன் அங்கே இறங்கக் கூடாது என்றார். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டேன். சென்ற முறை போகவில்லை, இந்த முறை அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பம் வாங்கி வா என்றார். கட்சியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.